தொட்டுப் பார், கண்ணு!

 

இன்று பரிசளிப்பு விழா. மேடை ஏறிப் பரிசு வாங்கும் பிள்ளைகள் சிலர். கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகள் பலர். வாங்கிய பிள்ளைகளை மனமார வாழ்த்துவோம். ஆனால் வெறுங்கையோடு வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? அந்தப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்து வைத்திருக்கும் ஓர் இடத்தின் வரலாற்றைச் சொல்லவே இக்கட்டுரை. அதுதான் கையால் தொட்டுப் பார்க்கும் விஞ்ஞானக் கூடம்.

'தொடாதே' என்ற காலம்

அருங்காட்சியகம் என்றதும் நமக்கு நினைவு வருவது கண்ணாடிப் பெட்டியும், பக்கத்திலே ஒரு காவற்காரரும்தான். நாமும் சும்மா இருக்கிறோமா? வாசலிலேயே பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எதையும் தொடாத! ஒடச்சிட்டேன்னா யாரு காசு கட்டுறது?" என்று மிரட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறோம். பிள்ளையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய், கையைக் கட்டிக்கொண்டே திரும்பி வருகிறது.

இந்த வழக்கத்தை மாற்ற முயன்றவர்களுள் ஒருவர் ஜெர்மனி நாட்டு மின்பொறியாளர் ஆஸ்கர் வான் மில்லர். 1903-ஆம் ஆண்டு மியூனிக் நகரில் ஜெர்மன் அருங்காட்சியகத்தை அவர் தோற்றுவித்தார். அதன் பெரிய கட்டடம் 1925-இல் திறக்கப்பட்டது. பொத்தானை அமுக்கினால் இயந்திரம் ஓடும். பிடியைச் சுற்றினால் சக்கரம் சுழலும். படித்தவர்களுக்கு மட்டுமன்றிச் சாதாரண மக்களுக்கும் விஞ்ஞானம் விளங்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். பின்னர் 1931-இல் லண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிக்கூடம் திறந்தார்கள். ஆள் கிட்டே வந்தால் தானே திறந்துகொள்ளும் கதவு அங்கே இருந்தது. இன்று பேரங்காடிகளில் நாம் கவனிக்காமல் கடந்து போகும் கதவு, அன்றைய பிள்ளைகளுக்குப் பெரிய அதிசயம்!

வேலை இழந்த விஞ்ஞானியின் கதை

பிறகு வந்தவர் அமெரிக்கப் பௌதிக விஞ்ஞானி பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டை உருவாக்கிய ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கிய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் உடன்பிறந்த தம்பி இவர். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தார் என்பதற்காக, 1949-இல் இவருடைய பல்கலைக்கழக வேலை போயிற்று. வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. கொலராடோ மாநிலத்திலே மாடு வளர்த்துப் பிழைத்தார்.

சில ஆண்டுகள் கழித்து அங்கிருந்த சின்ன ஊர்ப் பள்ளியிலே ஆசிரியரானார். ஆய்வுக்கூடத்தில் சாமான் போதவில்லை. மனிதர் கலங்கவில்லை! பிள்ளைகளை ஊர்க் குப்பைமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடைந்த மோட்டார் வண்டிகளின் பாகங்களைப் பொறுக்கி, அவற்றைக் கொண்டே பாடம் நடத்தினார். பின்னர் பல்கலைக்கழக வேலை திரும்பக் கிடைத்தபோதும், மாணவர்கள் தாமே வந்து செய்து பார்க்கும் சோதனைகளை வரிசையாக அமைத்து வைத்தார்.

அந்த அனுபவத்தோடு 1969-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் அவர் திறந்ததுதான் 'எக்ஸ்புளோரடோரியம்'. சாமான்கள் செய்யும் பட்டறையே வருவோர் பார்க்கும்படி வாசல் பக்கம் இருந்தது. விளக்கம் சொல்ல உயர்நிலைப்பள்ளி மாணவர்களையே வேலைக்கு வைத்தார். பள்ளியில் ஃபெயிலாகலாம், அருங்காட்சியகத்தில் எவரும் ஃபெயிலாவதில்லை என்பது அவருடைய கொள்கை. பரிசு வாங்காத பிள்ளைகளைப் பெற்ற நாம் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டாமா?

நம் பக்கம் வந்த விதம்

ஆசியாவும் பின்தங்கி நிற்கவில்லை. 1959-இலேயே கல்கத்தாவில் பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பட்டணத்துக்கு வர முடியாத கிராமத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யோசித்து, 1965-இல் விஞ்ஞானப் பொருட்களை வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பத் தொடங்கினார்கள். பிள்ளை கூடத்துக்கு வர முடியாவிட்டால், கூடம் பிள்ளையைத் தேடிப் போயிற்று! தமிழகத்திலே சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் அமைந்தது. அதன் வளாகத்தில் 1988-இல் பிர்லா கோளரங்கம் திறக்கப்பட்டது.

நம் பக்கத்து வீடான சிங்கப்பூர், 1977-இல் ஜூரோங்கில் விஞ்ஞான மையத்தைத் திறந்தது. மலேசியாவில் 1996-இல் கோலாலம்பூரில் தேசிய விஞ்ஞான மையமும், 1999-இல் இரட்டைக் கோபுரத்தில் பெட்ரோசைன்ஸும் வந்தன. பினாங்குப் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூர் தூரம். அந்தக் குறை 2016-இல் தீர்ந்தது. கொம்தாரின் குவிமாடத்திலே 'டெக் டோம் பினாங்கு' திறக்கப்பட்டது. விசையும் இயக்கமும், மின்காந்தம், ஒளி, ரோபோ, உயிரியல் நுட்பம், தகவல் நுட்பம் என்று பிரிவு பிரிவாக வைத்திருக்கிறார்கள். சின்னஞ்சிறுசுகளுக்குத் தனிப் பகுதியும் உண்டு. டத்தோ கிராமாட் சாலையிலே நேரே பட்டணத்தைப் பார்த்து நடந்தால், கொம்தார் நம்மை எதிர்கொண்டு நிற்கிறது.

உள்ளே நுழையும்முன் அந்தக் குவிமாடத்தைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். 1974-இல் வேலை தொடங்கிய கொம்தாரை வரைந்தவர் நம் பினாங்குக் கட்டடக் கலைஞர் லிம் சோங் கீட். இத்தகைய குவிமாடத்தை உலகெங்கும் பரப்பிய பக்மின்ஸ்டர் புல்லர் அவருடைய நண்பர். முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய கம்பிகளே கூரையைத் தாங்குகின்றன. நடுவே தூணே வேண்டாம். ஏன் முக்கோணம்? வீட்டில் சாத்தே குச்சி நான்கை ரப்பர் வளையத்தால் கட்டிச் சதுரம் செய்யுங்கள், அமுக்கினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சியைக் கட்டி முக்கோணம் செய்யுங்கள். வடிவம் மாறாமல் நிற்கும். ஐந்து வயதுப் பிள்ளையும் செய்யலாம்.

"நமக்கு என்னா தெரியும்?"

"டீச்சர், நாங்க படிக்காதவங்க. புள்ள எதாச்சும் கேட்டா என்னா சொல்றது?" என்று வாசலிலேயே நின்றுவிடும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவினீர்களே, ஏன்? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று உங்கள் கைக்குத் தெரியும். மரத்தினுள் இருக்கும் நீரழுத்தம் வெயிலில் தணிவதுதான் அதற்குக் காரணம். மங்கிலே வடிந்த பாலைச் சேர்த்து ஆசிட் கலந்தால் கட்டியாகிறதே, அது இரசாயனம். இதே டத்தோ கிராமாட் சாலையில்தான் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் ஈய ஆலை பல்லாண்டு உலை மூட்டியது. ஈயமண்ணைக் கரியோடு சேர்த்துக் காய்ச்சினால், கரி பிராணவாயுவை இழுத்துக்கொள்ள ஈயம் தனியே உருகி வரும். பாடப்புத்தகம் சொல்லும் அதே விஞ்ஞானத்தை நம் பாட்டன்மார் உள்ளங்கைக் காய்ப்பிலே கற்றிருந்தார்கள். ஆகவே, கூச்சப்படாமல் உள்ளே வாருங்கள்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது இவற்றை மட்டும் நினைவில் வையுங்கள். கொடுத்த டிக்கெட் காசுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒரே பிடியை இருபது தரம் சுற்றுகிறதா? சுற்றட்டும். இருபதாவது தரம்தான் அதற்கு ஏதோ புரியத் தொடங்கும். பலகையில் எழுதியிருப்பதை முதலில் படித்துக் காட்டாதீர்கள். முதலில் கை, பிறகு வாய், எழுத்து அப்புறம். "இது ஏம்ப்பா இப்பிடி?" என்று கேட்டால், "எனக்கும் தெரியல கண்ணு, நீ என்னா நெனைக்கிற?" என்று திருப்பிக் கேளுங்கள். தெரியாது என்று சொல்வதில் வெட்கமில்லை. விஞ்ஞானிகளும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். பசியும் தூக்கமும் வருமுன் வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று உன் பெயரைக் கூப்பிடவில்லையே என்று வருந்தாதே. குப்பைமேட்டிலே பாடம் நடத்திய ஆசிரியரை நினைத்துக்கொள். பெற்றோர்களே! அடுத்த பள்ளி விடுமுறையில், செபராங் பிறையில் இருப்பவர்கள் பெர்ரி ஏறியும், கிராமாட்டில் இருப்பவர்கள் நடந்தும், உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் அதன் கையை விட்டுவிட்டு, "போ கண்ணு, தொட்டுப் பாரு" என்று சொல்லுங்கள். அதுவே இந்த ஆண்டு நீங்கள் வழங்கும் பரிசாக இருக்கட்டும்.

வாழ்க வளமுடன்!