கடலை ஆண்டவர்கள் – 23: கரியா, எண்ணெயா?

ட்ரெட்நாட் கப்பலைக் கட்டி உலகக் கடற்படைகளைக் கதிகலங்க வைத்த அட்மிரல் ஜாக்கி ஃபிஷரைப் போன வாரம் பார்த்தோம். 1906-ல் நீரில் இறங்கிய அந்த ஒரே கப்பல், பத்து 12 அங்குல பீரங்கிகளும் டர்பைன் எஞ்சினுமாக, அதுவரை மிதந்த போர்க்கப்பல்களையெல்லாம் பழைய இரும்பாக்கிவிட்டது. பிரிட்டனுடையதையும் சேர்த்துத்தான்! ஆனால் அத்தனை புதுமையும் பெரும்பாலும் நிலக்கரியில்தான் ஓடியது. இலங்கையின் ரம்பொடையில் பிறந்த ஃபிஷருக்கு அதுதான் தீராத உறுத்தல்.

போர்க்கப்பலில் கரி ஏற்றும் நாள் கப்பலுக்கே கெட்ட நாள். கரித் தோணி பக்கத்தில் வந்து ஒட்டியதும், அதிகாரிகள் உட்பட எல்லோரும் கிழிந்த பழந்துணியைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். ஆளுயர மூட்டைகளில் மண்வெட்டியால் கரியை வாரி நிரப்பி, கயிற்றில் தூக்கி, மேல்தளத்தில் கொட்டி, துவாரங்கள் வழியே கீழே தள்ள வேண்டும். சோர்வு தெரியாமலிருக்க பேண்டு வாசிப்பார்கள். ஆயிரம், இரண்டாயிரம் டன் ஏற்றி முடித்த பிறகு கப்பலைக் கழுவித் துடைக்கிற வேலை வேறு. கிளம்பிச் சில நாளில் மறுபடியும் கரித்துறையைத் தேட வேண்டும். போகும்போதும் நிம்மதி கிடையாது. கொதிகலனுக்குப் பக்கத்திலுள்ள கரி தீர்ந்ததும், தூரத்து அறைகளிலிருந்து வாரிக் கொண்டுவர ஆள் வேண்டும்.

எண்ணெய் என்றால் ஒரு குழாயைப் பொருத்தினால் போதும். அதே எடைக்கு அதிக தூரம், அதிக வேகம், குறைந்த ஆள். நடுக்கடலிலேயே நிரப்பிக்கொள்ளவும் முடியும். இதை வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லியே ஃபிஷர் 'எண்ணெய்ப் பைத்தியம்' என்று பெயரெடுத்தார். சோதனையும் அவர் காலை வாரியது. 1900களின் தொடக்கத்தில் 'ஹானிபால்' என்ற கப்பல் கரியை எரித்து வெண்புகையோடு துறைமுகத்தைவிட்டு அழகாகக் கிளம்பியது. எண்ணெய்க்கு மாற்றியதுதான் தாமதம், கப்பலே தெரியாதபடி கரும்புகை சூழ்ந்தது. கோளாறு எண்ணெயில் இல்லை, அதை எரித்த பர்னரில். வேடிக்கை பார்க்க வந்த பெரிய மனிதர்களிடம் இதைச் சொல்லி எடுபடுமா?

1911-ல் வின்ஸ்டன் சர்ச்சில் கடற்படை அமைச்சரானார். ஓய்வுபெற்றிருந்த ஃபிஷர் அவர் காதில் எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருந்தார். சர்ச்சிலின் தயக்கத்துக்குக் காரணம் எஞ்சின் இல்லை. உலகின் முதல்தரக் கப்பல் கரி வேல்ஸ் மலைகளில், அதாவது சொந்த வீட்டில் கிடந்தது. எண்ணெயோ பிரிட்டன் மண்ணில் தேவைக்குப் போதுமான அளவு இல்லை. இருந்தும் 1912-ல் 'குயின் எலிசபெத்' வகைப் போர்க்கப்பல்களை முழுக்க எண்ணெயில் ஓடும்படியே கட்டச் சொன்னார். அவற்றுக்கான 15 அங்குல பீரங்கியைக்கூட ஒருமுறை சுட்டுப் பார்க்காமலே ஆர்டர் கொடுத்தாயிற்று! சூதாட்டம் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

சூதாட்டத்துக்குப் பிறகு வந்த நடவடிக்கையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பாரசீகத்தின் மஸ்ஜித் சுலைமானில் 1908-ல் எண்ணெய் பீறிட்டது. அதை எடுத்த ஆங்கிலோ-பெர்ஷியன் கம்பெனி பணமில்லாமல் தவித்தது. 1914 ஜூனில் 22 லட்சம் பவுண்டுக்கு அதன் 51 சதவீதப் பங்கை வாங்க பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சம்மதித்தது. ஆதரவு 254, எதிர்ப்பு 18. கடற்படைக்கு எண்ணெய் தேவை என்பதற்காக ஓர் அரசாங்கமே எண்ணெய் வியாபாரி ஆனது. பாரசீக மக்களை யாரும் கேட்கவில்லை. அந்தக் கணக்கைத் தீர்க்க அந்நாட்டின் பிரதமராக மொசாடெக் 1951-ல் வந்தார்.

ஆங்கிலோ-பெர்ஷியனைத் தொடங்கி வளர்த்த தாய்க் கம்பெனி, பர்மா ஆயில். அதன் எண்ணெய் டாங்கிகள் சென்னைத் துறைமுகத்தில் இருந்தன. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் முதலில் குறிவைத்தது அவற்றைத்தான். அரைமணி நேரத்தில் சுமார் 130 குண்டுகள், டாங்கிகள் பற்றியெரிந்தன.

எண்ணெயைக் கொளுத்திவிட்டுப் போன எம்டனோ கரிக்கப்பல், அதிலும் பழைய பிஸ்டன் எஞ்சின். வங்கக் கடலில் அதற்குத் துறைமுகமும் இல்லை, கரிக் கிடங்கும் இல்லை. அதன் கேப்டன் ஃபான் முல்லர் பகைவனின் கப்பலைப் பிடித்தும் அடுப்பெரிக்க வேண்டியிருந்தது. சென்னையைத் தாக்கிய ஐந்தாம் நாள் 'புரெஸ்க்' என்ற சரக்குக் கப்பல் அவரிடம் சிக்கியது. உள்ளே, பிரிட்டிஷ் கடற்படைக்கென்று போய்க்கொண்டிருந்த 6,000 டன்னுக்கு மேற்பட்ட முதல்தர வேல்ஸ் கரி.

(தொடரும்)