பிசினும் பத்தியமும்: குக்குலு ஆய்வின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த பாலையூற்று, மரத்தையும் நீரையும் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர். இத்தகைய ஊர்களில், இரத்தத்தில் கொழுப்பு மிகுந்ததென அறிந்த ஒருவர் மேலைத்தேய மருந்தோடு நாட்டு மருந்தையும் நாடுவது வியப்பன்று. அந்நம்பிக்கையின் அடிப்படை யாது? இவ்வினாவுக்கு விடை காண, நாட்டு மருந்தொன்று ஆய்வுகூடத்துள் புகுந்த வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

கொழுப்புணவு இரத்தக் குழாய்ச் சுவரைக் கெடுக்கும் என்பதை 1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்பார் முயல்களுக்குக் கொலஸ்திரோல் ஊட்டிக் காட்டினார். முயலோ தாவர உண்ணி. அதன் இயல்பான உணவில் கொலஸ்திரோல் இல்லை. எனவே அம்முடிவு மனிதருக்குப் பொருந்துமா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. எனினும் அம்முறையே பிற்கால ஆய்வுகளுக்கு வழியமைத்தது.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்தியவதி 1966இல் அளித்த ஆய்வேடு இவ்வகையில் முன்னோடியானது. சுசுருத சங்கிதை கூறும் மேதரோகத்தில், பெருகிய கொழுப்பு உடலின் வழிகளை அடைக்கிறது. இவ்வருணனைக்கும் நவீன மருத்துவம் கூறும் குழாய்த் தடிப்புக்கும் ஒப்புமை கண்ட அவர், குக்குலுப் பிசினை முயல்களில் சோதித்தார். கொலஸ்திரோல் குறைந்தது; குழாய்களும் ஓரளவு காக்கப்பட்டன. (தமிழில் இப்பிசினை மைசாட்சி எனவும் வழங்குவர். குங்கிலியம் என்ற பொதுப்பெயர் வேறு மரப் பிசின்களையும் குறிப்பதால், பெயரை மட்டும் நம்பி மருந்து வாங்குவது தகாது.) பின்னர் இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் அதன் சாறு 1980களின் பிற்பகுதியில் இந்தியச் சந்தைக்கு வந்தது.

2002இல் அமெரிக்க ஆய்வாளர், குக்குலுவிலுள்ள ஸ்டெரோன் ஈரலின் பித்தவமில ஏற்பியொன்றைத் தடுப்பதாகக் கண்டனர். மறு ஆண்டே நிலைமை மாறியது. பிலடெல்பியாவில் 103 பேரிடம் எட்டு வாரம் நடந்த சோதனையில், தீங்கான எல்.டி.எல். கொலஸ்திரோல் குறையவில்லை, ஏறத்தாழ 5 வீதம் கூடியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் உண்டாயிற்று.

நாட்டு மருத்துவத்தை இகழ்வோர் இத்துடன் வழக்கு முடிந்தது என்பர். போற்றுவோர் இம்முடிவைப் பேசவே மாட்டார். இரு சாராரும் மூலநூலை மீண்டும் படிக்கவில்லை என்பதே என் கருத்து. சுசுருதர் குக்குலுவைத் தனி மருந்தாகக் கூறவில்லை. திரிபலை, தேன், வாற்கோதுமை, பச்சைப்பயறு, வரகு முதலியவற்றோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்தே கூறினார். நோய்க்குக் காரணமாக அவர் காட்டியதும் உழைப்பின்மையும் மிகை உணவும் பகலுறக்கமுமே. ஆய்வுகூடம் அப்பட்டியலிலிருந்து பிசினை மட்டும் பிரித்தெடுத்தது. வணிகம் அதை மாத்திரையாக்கியது. வரகுக்கும் நடைக்கும் காப்புரிமை கிடையாதல்லவா! பிலடெல்பியாவில் சோதனைக்கு உட்பட்டோர் வழக்கமான மேலைநாட்டு உணவையே உண்டவர் என்பது ஈண்டு கருதத்தக்கது. ஆயினும் பத்தியத்தோடு கொடுத்திருந்தால் பலித்திருக்கும் என வாதிடுவது நேர்மையன்று. அது தனியே சோதித்து நிறுவப்பட வேண்டியது.

இதற்கிடையே, பிசினுக்காகப் பட்டை கீறப்பட்டு இராசத்தான், குசராத்துப் பகுதிகளின் குக்குலுச் செடி அழிவின் விளிம்பை எட்டிவிட்டது. திருகோணமலையின் உட்பகுதிச் சேனைகளில் ஒருகாலத்தில் விளைந்த வரகோ எவரது ஆய்வுக்கும் பொருளாகாமல் அருகிவருகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பயில்வோர், சுசுருதரின் பட்டியலைப் பிசினில் தொடங்காது தானியத்தில் தொடங்கிச் சோதிக்கலாம்.