ஜாம் போத்தல் விளக்கு

2022இல் லண்டனில் காஸ், கரண்ட் விலை ஏறினபோது, நான் வேலை செய்யும் ரெஸ்ரோரண்ட் குசினியில் "லைற்றை நிப்பாட்டு" என்று எழுதி ஒட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்க, யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் பொருளாதாரத் தடை. எனக்கு அப்போது 12 வயது.

அரிக்கன் லாம்பு எண்ணெய் குடிக்கும். அதனால் சனம் ஜாம் போத்தலுக்கு மாறியது. அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவு மண்ணெண்ணெய், சயிக்கிள் வால்வுக்குள்ளால் ஒரு நூல் திரி. போத்தலே சிமினி. செய்தி கேட்க சயிக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றுவோம். டைனமோவில் றேடியோ வேலை செய்யும். மோட்டார்சைக்கிள்கள் சில சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, மண்ணெண்ணெயில் ஓடின.

1995 இடப்பெயர்வு வரை இதுதான் சீவியம். எங்கள் வீட்டில் ஒரே விளக்கு. அதை எங்களுக்குப் படிக்கத் தந்துவிட்டு, அம்மா அடுப்பு வெளிச்சத்தில் சமைப்பா.

"அந்தக் காலத்துச் சிக்கனம்" என்று இப்போது சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். கெட்டித்தனம் எங்கள் சனத்தினுடையது, உண்மைதான். ஆனால் அந்த இருட்டை நாங்கள் கேட்டு வாங்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.