காவலூர்க் காட்சியும் மேனாட்டு அளவை நூலும்

பாலாற்றுப் படுகையை அடுத்துள்ள வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் ஊர்கள் தோல் பதனிடுந் தொழிலாற் பெயர்பெற்றவை. ஆவாரம்பட்டையும் கடுக்காயுங் கொண்டு பச்சைத்தோலைப் பதப்படுத்தும் முறை நம் நாட்டில் நெடுங்காலமாகக் கைப்பழக்கமாய் வந்தது. பட்டைநீர் எத்துணைக் காரம் வேண்டும், தோல் எத்தனை நாள் ஊறவேண்டும் என்பவற்றைத் தொழிலாளியின் கையும் மூக்கும் அறிந்தன, ஏடு அறிந்திலது. கற்றோர் இத்தொழிலை இழிவெனக் கருதி அதன் பக்கஞ் செல்லாமையே அதற்குக் காரணம் என்க.

இக்குறை நமக்கே உரியதன்று. மேனாட்டிலும் கற்றோர் அவ்வாறே இருந்தனர். ஆங்கில நாட்டுப் பிரான்சிஸ் பேக்கன் என்பார் 1620-இல் வெளியிட்ட ‘புதிய கருவி’ என்னும் இலத்தீன் நூலின் பின்னிணைப்பாக ஒரு பட்டியல் தந்தார். இயற்கையை அறியப் புகுவோர் எவ்வெவற்றின் வரலாறுகளைத் திரட்டல்வேண்டும் என்பது அதன் பொருள். விண்மீன், காற்று, கடல் என்பவற்றோடு நெசவு, சாயமிடல், தோல் பதனிடல் என்பவற்றையும் அவர் அப்பட்டியலிற் சேர்த்தார். அரசவையில் உயர்பதவி வகித்த ஒருவர், மெய்யறிவு தேடுவோன் தோற்பதனிடுவோனிடத்துஞ் சென்று பாடங் கேட்கவேண்டும் என்றது அக்காலத்திற்குப் பெரும் புதுமையாம்.

பேக்கன் வகுத்த நெறியின் சாரம் வருமாறு. மனம் தெளிந்த கண்ணாடியன்று. மக்கட்பொதுவியல்பு, தனிமனிதர் பழக்கம், சொல்வழக்கின் மயக்கம், பழைய கொள்கைகளின் ஆட்சி என்னும் நால்வகைப் பொய்யுருக்கள் அதன்கண் குடிகொண்டு பொருளைத் திரித்துக் காட்டுகின்றன. ஆதலின் ஆராய்வான் ஒரு பண்பு காணப்படும் இடங்களை ஒரு வரிசையிலும், ஒத்த தன்மையிருந்தும் அப்பண்பு காணப்படாத இடங்களை மற்றொரு வரிசையிலும், அது மிகுந்தும் குறைந்தும் வரும் இடங்களை மூன்றாவது வரிசையிலும் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். வெப்பத்தை ஆராயுமிடத்து ஞாயிற்றின் கதிரை முதல் வரிசையிலும், ஒளியிருந்தும் வெப்பந் தோன்றாத திங்களின் கதிரை இரண்டாம் வரிசையிலும் அவர் வைத்தார்.

இதனைக் கேட்டவுடன் சித்தாந்தம் பயின்றார்க்குச் சபக்கம், விபக்கம் என்பன நினைவுக்கு வரும். புகையுண்மையால் நெருப்புண்மையைத் துணியுங்கால் அடுக்களையைச் சபக்கமாகவும் நீர்நிலையை விபக்கமாகவுங் காட்டுதல் நம் அளவை நூலார் மரபு. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவையியலில், பிறர் கூறும் பத்து அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கி, காட்சிக்கு ஐயமும் திரிவும் நீங்கவேண்டும் என்று வரையறுத்தனர். அற்றேல், மேனாட்டார் 17-ஆம் நூற்றாண்டிற் கண்டதனை நாம் முன்னரே கண்டுவிட்டோம் எனலாமோ? அவ்வாறு மேடையிற் பேசுவாரும் உளர். அடியேன் அதற்கு உடன்படேன். நம் அளவை நூல் கொண்ட துணிபு குற்றமுடைத்தோ அன்றோ என்று சோதிக்கும் உரைகல். பேக்கன் வேண்டியதோ, இதுகாறும் எவரும் பெறாத துணிபைத் தேடிச் செல்லும் வழி. இரண்டும் ஒருபுடை ஒக்கும், ஒன்றல்ல. பிரெஞ்சு நாட்டு தெக்கார்த் 1637-இல் ஐயத்தையே வாயிலாகக் கொண்டு மெய்யுணரப் புகுந்த வரலாறு தனியே ஆராயத்தக்கது. ஈண்டு விரிப்பிற் பெருகும்.

நிற்க. நெறி நூலிலிருப்பது ஒன்று. கண்ணெதிரே இயங்குவது மற்றொன்று. கலிலியோ 1610-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் இரவு தாமே இழைத்த தொலைநோக்கியால் வியாழனைக் கண்டபோது, அதனருகே மூன்று சிறு மீன்கள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கக் கண்டார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் பெயர்ந்தன. ஒருநாள் இரண்டே தோன்றின. சில நாளில் நான்காயின. அவை வியாழனைச் சுற்றும் துணைக்கோள்கள் என அவர் துணிந்தது கருதலளவையால். இடம் பெயர்ந்தமை ஏதுவாயிற்று. அவ்வாண்டிலேயே அவர் சனியை நோக்கினார். நடுவே ஒரு பெரிய உருவும் இருபுறமும் ஒட்டிய இரு சிறு உருவுந் தோன்றின. வியாழனிடத்துத் துணைக்கோள் கண்ட பழக்கத்தால் இங்கும் சனிக்கு இருபுறத்தும் இரு துணைகள் உளவெனக் கொண்டார். 1612-இல் அவ்விரண்டும் மறைந்தொழிந்தன. அவர் திகைத்தார், விடை காணாமலே உலகு நீத்தார். ஹைகன்ஸ் என்பார் 1659-இல், சனியைச் சூழ்ந்து தட்டையான வளையம் ஒன்று உளது, அது விளிம்பு மட்டும் நம்மை நோக்கி நிற்குங்காலத்துக் காணப்படாதாகும் என்று விளக்கினார். கலிலியோவின் கண் பிழைத்ததில்லை. கண்டதனைப் பழகிய வேறொன்றாகத் துணிந்ததே பிழை. நம்மவர் இதனைத் திரிவு என்பர்.

இனி, அத்தோல் நாட்டிற்கே மீள்வாம். வாணியம்பாடியினின்று ஆலங்காயம் வழியே சவ்வாது மலை ஏறுவார் காவலூரை அடைவர். 1792-இல் சென்னையில் நிலைபெற்ற வானாராய்ச்சி நிலையத்தின் மரபு 1899-இற் கோடைக்கானலுக்குச் சென்று, அங்கிருந்து வேணு பாப்பு என்னும் அறிஞர் முயற்சியால் இம்மலைக்கு வந்தது. 1968-இல் கோடைக்கானற் பட்டறையிற் செய்த 38 செ.மீ. தொலைநோக்கி இங்கே நிறுவப்பட்டது. 1972-இல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் அளவினது வந்தது. அக்கருவியைக் கொண்டு இருமுறை நிகழ்த்திய ஆய்வுகளே இக்கட்டுரைக்குக் கருப்பொருள்.

முதலாவது, 1972 ஜூன் 7. கலிலியோ கண்ட நால்வரிற் பெரியதாகிய கானிமீடு ஒரு விண்மீனை மறைத்துச் சென்றது. மீனின் ஒளி சட்டென அறுந்தால் கானிமீடின்மேற் காற்று இல்லை; படிப்படியே மங்கினால் காற்று உண்டு. இஃது எளிய ஏது. காவலூரிலும் ஜாவாத் தீவின் லெம்பாங்கிலும் அளந்தோர் மென்மையான காற்றுறை உண்டென்று துணிந்தனர். 1979-இல் வாயேஜர் விண்கலம் அருகிற் சென்று, மற்றொரு மீனின் மறைவை அளந்து, அத்துணைக் காற்று இல்லையென்றது. 1995-இல் ஹபிள் தொலைநோக்கி, முன் கூறியதினும் எத்தனையோ மடங்கு நொய்ய உயிர்வளி உண்டெனக் காட்டிற்று. உண்டு என்றது, இல்லை என்றது, மிகச் சிறிது உண்டு என்றது ஆகிய மூன்றும் 23 ஆண்டுக்குள் நிகழ்ந்தன. மாறிக்கொண்டே இருப்பதற்கு அறிவென்று பெயரோ என எள்ளுவார் உளர். மாற்றிய ஒவ்வொருவரும் முன்னையோர் அளவை இன்ன அளவிற் பொருந்தாது என்று காட்டியே மாற்றினர். எவரும் வாளா மறுத்திலர் என்பதை அன்னோர் நோக்கவேண்டும்.

இரண்டாவது, 1977 மார்ச் 10. யுரேனஸ் கோள் ஒரு மீனின் முன்னே செல்லும் என்று இங்கிலாந்தில் டெய்லர் என்பார் 1973-இலேயே கணித்திருந்தார். காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அம்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தனர். கோளின் உடலுக்கு அப்பாலேயே ஒளி சில நொடி குன்றி மீண்டது. யுரேனசுக்குப் புதியதொரு துணைக்கோள் உளது என்று அவர்கள் அறிவித்தனர். ‘நேச்சர்’ இதழ் அதனை வெளியிட்டது. அதே இரவில் இந்துமாக்கடல்மேற் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்திலும் எலியட் முதலியோர் அத்தகைய குன்றல்களைக் கண்டு, துணைக்கோள்களோ என்றே முதலில் ஐயுற்றனர். ஆனால் கோளுக்கு முன் ஐந்தும் பின் ஐந்துமாக, ஏறக்குறைய ஒத்த தூரங்களில் அவை நிகழ்ந்தமையை அவர்கள் ஒப்புநோக்கினர். துணைக்கோள்கள் இருபுறமும் அவ்வாறு இணையிணையாக நில்லா, வளையங்களே நிற்கும். அவ்வாண்டிலேயே காவலூரில் பட்டாச்சார்யாவும் பாப்புவும் தம் பதிவை மீளவும் ஆராய்ந்து, சனியைப் போன்ற வளையத்தொகுதி என்று தாமே எழுதினர்.

360 ஆண்டுக்கு முன் சனியின் வளையத்தைக் கலிலியோ துணைக்கோளென்றார். இங்கு யுரேனசின் வளையத்தை நம்மவர் துணைக்கோளென்றனர். திரிவு ஒன்றே. அன்று அது நீங்க அரை நூற்றாண்டு சென்றது. இன்று சில திங்களே சென்றன. இதற்குக் காரணம் காவலூரார் கலிலியோவினும் கூரியர் என்பதன்று. ஒருவர் பதிவைப் பலர் பதிவோடு வைத்துப் பார்க்கும் ஏற்பாடு இடையே உண்டாயிற்று. 1660-இல் இலண்டனில் தோன்றிய அரச கழகம், எவர் சொல்லையும் சொல் என்றதனாலேயே கொள்ளோம் என்பதைக் கொள்கையாக்கியது உண்மை. எனினும் டெய்லரின் கணிப்பும் விமானத்தாரின் செய்தியும் காவலூரார்க்கு உரையளவையாகவே வந்தன என்பதை மறத்தலாகாது. மீளச் சோதிக்கத் தகும் உரையை அவர்கள் கொண்டனர். சோதனைக்கு உட்படாத உரையைக் கொண்டிலர். 1986 ஜனவரி 6-இல் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அதே திங்கள் 24-இல் வாயேஜர் 2 யுரேனசை நெருங்கி வளையங்களைப் படமெடுத்து அனுப்பிற்று. கருதலாற் பெற்றது காட்சியாயிற்று.

மலைமேல் இவ்வாறாக, மலையடியில் நிகழ்ந்தது வேறு. ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செல்லும். குரோம உப்பு முதலியன கலந்து வெளிவந்த கழிவு நீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் ஏறியது. வேலூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தின் கணக்குப்படி ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றுமோ ஒரு பகுதியோ பயிருக்கு உதவாதாயிற்று. உழவர் நாவே அந்நீரின் உவர்ப்புக்குக் காட்சியளவையாயிற்று. ஆயின் கேடு இன்ன ஆலையால் இத்துணை என்று ஐயமற நிறுவுதல் எளிதன்று. நிறுவுமளவும் ஆலை ஓடும். மலைமேல் அறிவை வளர்த்த ஐயம் ஆற்றங்கரையிற் கேட்டை நீட்டிக்கும் கருவியாயிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீளாத கேடு விளையும் என்னும் அச்சம் உள்ளவிடத்து, அறிவியல் துணிபு முற்றவில்லை என்பதைக் காட்டித் தடுப்பைத் தள்ளிப்போடுதல் கூடாது. தன் செயல் தீங்கற்றது என்று நிறுவும் பொறுப்பு தொழில் செய்வோனுடையது என்று மன்றம் வகுத்தது. வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களில் ஆலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டமும் செலுத்தவேண்டும் என்று ஆணையிட்டது.