சீனத்து மலிவு வண்டி: ஓர் எஞ்சினின் கதை

அமெரிக்காவில் 2010களின் நடுப்பகுதியில் ஒரு விநோதமான வியாபாரம் சூடு பிடித்தது. இணையத்தில் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தால், வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நிற்கும். இரும்புச் சட்டத்துக்குள் அட்டை சுற்றிய ஒரு பெரிய பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போய்விடும். உள்ளே இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள்! முன்சக்கரம் தனியே, ஹேண்டில்பார் தனியே. வாங்கியவர்தான் ஸ்பேனரை எடுத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். 'ஹாக் 250' என்பது அப்படி வந்த வண்டிகளில் பேர் பெற்ற ஒன்று. விலை சுமார் 1,500 டாலர். அதே காலத்தில் ஜப்பான் கம்பெனிகளின் இதே ரக 250 சி.சி. வண்டி 5,000 டாலரைத் தாண்டியிருந்தது.

இந்த ரகத்துக்கு 'டூயல் ஸ்போர்ட்' என்று பெயர். காட்டுப் பாதையிலும் ஓடும், விளக்கும் இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும் இருப்பதால் தார் ரோட்டிலும் சட்டப்படி ஓட்டலாம். 1968ல் யமஹா டி.டி.1 வந்த பிறகுதான் இது தனி ரகமாக வளர்ந்தது. உயரமான சீட், நீளமான ஷாக் அப்சார்பர், கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயர். பார்த்தாலே தெரிந்துவிடும்.

சரி, ஜப்பான்காரன் 5,000 டாலருக்கு விற்பதைச் சீனாக்காரன் மூன்றில் ஒரு பங்குக்கு எப்படிக் கொடுத்தான்? கூலி குறைவு என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். உண்மைதான், ஆனால் அது முழுப் பதில் இல்லை. வண்டியின் வயிற்றுக்குள் இருக்கும் எஞ்சினைப் பார்த்தால்தான் மீதி புரியும். அதைப் பார்க்க 1970களுக்குப் போக வேண்டும்.

அப்போது ஆசியாவின் ஏழை நாடுகளில் ஹோண்டாவின் சின்ன வண்டிகள் நிறைய ஓடின. கூடவே நிறையப் பழுதாகின. ஏனென்று பார்க்க ஹோண்டா தன் எஞ்சினியர்களை அனுப்பியது. அவர்கள் கண்டது நமக்கெல்லாம் பழகிய காட்சிதான். ஒரு வண்டியில் ஒரு குடும்பம், அல்லது ஒரு வண்டி நிறைய மூட்டை. ஆயில் மாற்றுவது என்பது வண்டி நின்ற பிறகு யோசிக்கும் விஷயம். ஹோண்டாவின் அன்றைய 125 சி.சி. எஞ்சினில் கேம் ஷாஃப்ட் மேலே, சிலிண்டர் ஹெட்டுக்குள் இருந்தது. ஆயில் குறைந்தால் முதலில் காய்வது அந்த இடம். கேம் தேயும், அது உட்காரும் ஹெட்டும் தேயும். ஹெட்டையே மாற்ற வேண்டும்.

1976ல் வந்த ஹோண்டா சி.ஜி.125 இதற்கான விடை. கேம் ஷாஃப்டை ஆயில் இருக்கும் கீழ்ப்பகுதிக்கே இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு புஷ்ராடுகள் மேலே போய் வால்வுகளைத் திறக்கும். டைமிங் செயின் கிடையாது, பல்சக்கரம்தான். ஆக, தளரவும் அறுந்துபோகவும் ஒன்றுமில்லை. வெளிச் செயினுக்கும் முழு மூடி போட்டார்கள். நம் ஊர் புல்லட்டும் புஷ்ராட் வண்டிதான் என்பதால் இந்த ஏற்பாடு தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்குப் புதிதல்ல. தொழில்நுட்பத்தில் இது ஒரு அடி பின்னால் போன மாதிரிதான். ஆனால் யாரும் கவனிக்காவிட்டாலும் ஓடுகிற எஞ்சின் கிடைத்தது. பாகிஸ்தானில் அந்த வண்டி இன்றளவும் பெரிய மாற்றமில்லாமல் தயாராகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சீனாவுக்கு வருவோம். மோட்டார் சைக்கிள் தொழிலின் தலைநகரம் சோங்சிங். மலைகளும் ஆறுகளும் சூழ்ந்த உள்நாட்டு நகரம். 1937ல் ஜப்பான் படையெடுத்தபோது சீன அரசு பின்வாங்கி இங்கே வந்தது, ஆயுதத் தொழிற்சாலைகளும் கூடவே வந்தன. 1970களின் கடைசியில் சீர்திருத்தம் தொடங்கியதும் ராணுவ ஆர்டர்கள் குறைந்தன. வேலையில்லாமல் நின்ற ஆயுதத் தொழிற்சாலைகள் மக்களுக்கான பொருள் செய்ய ஆரம்பித்தன. ஜியாலிங் என்ற ஆலை 1979ல் 50 சி.சி. வண்டி ஒன்றைச் செய்தது, பிறகு ஹோண்டாவிடம் தொழில்நுட்பம் வாங்கியது. ஜியான்ஷே என்ற இன்னொரு ஆயுத ஆலை யமஹாவோடு சேர்ந்தது. எந்த ஜப்பானின் குண்டுக்குப் பயந்து அந்த ஆலைகள் மலைக்குள் வந்தனவோ, அதே ஜப்பானிடம் மோட்டார் சைக்கிள் கற்றுக்கொண்டன. வரலாற்றின் வேடிக்கை!

இவை அரசு ஆலைகள். சூடு பிடித்தது தனியார் வந்த பிறகுதான். சுவோ சோங்ஷென் 1982ல் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்தவர். 1992ல் தன் பெயரிலேயே சோங்ஷென் கம்பெனியைத் தொடங்கினார். யின் மிங்ஷான் கதை இன்னும் விசேஷம். அரசியல் குற்றச்சாட்டில் இளமையின் பெரும்பகுதியைச் சிறையிலும் உழைப்பு முகாமிலும் கழித்தவர், 1979ல்தான் அவர் மீதிருந்த பழி நீங்கியது. பிறகு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார், புத்தக வியாபாரம் செய்தார். 1992ல், ஐம்பது வயதைத் தாண்டி, ஒன்பது பேருடன் மோட்டார் சைக்கிள் தொழிலில் இறங்கினார். பெரிய ஆலையின் உதிரிபாகங்களைக் கடைகளில் தனித்தனியே வாங்கி, முழு எஞ்சினாகப் பூட்டி, அதிக விலைக்கு விற்பதுதான் அவருடைய முதல் யுக்தி. அதுதான் பின்னாளில் லிஃபான் ஆனது.

இந்த யுக்திக்குள்தான் மலிவின் ரகசியம் இருக்கிறது. சோங்சிங்கில் ஒரு பட்டறை பிஸ்டன் மட்டும் செய்யும், இன்னொன்று கிளட்ச் தட்டு மட்டும், வேறொன்று கார்புரேட்டர் மட்டும். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் ஹோண்டாவின் எஞ்சின். யாரும் உட்கார்ந்து தரநிர்ணயம் எழுதவில்லை. ஒரே மாதிரியைப் பார்த்து எல்லோரும் நகல் எடுத்ததால் தானாகவே ஒரு தரநிர்ணயம் உண்டாகிவிட்டது! புதிதாக வண்டி செய்ய வருபவருக்கு ஆராய்ச்சிக் கூடமே வேண்டாம், ஒரு கொட்டகையும் ஸ்பேனரும் போதும். 1993ல் உலகிலேயே அதிக மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் நாடாகச் சீனா ஜப்பானை முந்தியது.

இந்த முறையின் மறுபக்கத்தை அனுபவித்தவர்கள் வியட்நாம்காரர்கள். 2000த்திலும் 2001லும் அங்கே சீன வண்டிகள் பாகம் பாகமாக லட்சக்கணக்கில் இறங்கின. விலை ஹோண்டாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதுவரை இரு சக்கர வாகனத்தைக் கனவில் மட்டும் பார்த்த விவசாயக் குடும்பங்கள் முதன்முறையாக வண்டி வாங்கின. அதைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் அளவை நகலெடுத்தவர்கள் இரும்பின் தரத்தை நகலெடுக்கவில்லை. பல வண்டிகள் சீக்கிரமே தேய்ந்தன. ஹோண்டா சும்மா இருக்கவில்லை. 2001ல், தன்னை நகலெடுத்துக்கொண்டிருந்த ஒரு ஹைனான் கம்பெனியிலேயே பங்கு வாங்கிக் கூட்டாளி ஆனது. 2002ல் சீன உதிரிபாகங்களையும் பயன்படுத்தி 'வேவ் ஆல்ஃபா' என்ற மலிவு வண்டியை வியட்நாமில் இறக்கியது. சில ஆண்டுகளில் சீன வண்டிகளின் பங்கு அங்கே சரிந்துபோனது. திருடனைப் பிடிக்க முடியாவிட்டால் பாதிப் பங்குக்குச் சேர்த்துக்கொள் என்று ஹோண்டாவில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்! அதே ஹோண்டா இன்னொரு பக்கம் லிஃபான் மீது வழக்கும் போட்டது. வண்டியில் 'ஹோங்டா' என்று எழுதியிருந்தார்கள் என்பது புகார். 2004ல் பெய்ஜிங் நீதிமன்றம் ஹோண்டா பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அமெரிக்காவில் லாரியில் வந்து இறங்கிய அந்தப் பெட்டி இந்த வம்சத்தின் பேரப்பிள்ளை. 250 என்று எழுதியிருந்தாலும் எஞ்சின் 229 சி.சி.தான். இந்த வகை எஞ்சினுக்குச் சீனாவில் 167எஃப்.எம்.எம். என்று ஒரு குறியீடு உண்டு. முதல் 1, சிலிண்டர் ஒன்று என்பதற்கு. 67, சிலிண்டரின் விட்டம் மில்லிமீட்டரில். எஃப் என்றால் காற்றில் குளிர்வது, அடுத்த எம் மோட்டார் சைக்கிளுக்கானது, கடைசி எம் 250 சி.சி. வகுப்பு. சிலிண்டரை அகலப்படுத்தி பிஸ்டன் ஓடும் தூரத்தைக் கூட்டிய சி.ஜி.125தான் இது. அதே புஷ்ராட், அதே எளிமை.

ஜப்பான் வண்டிக்கும் இதற்கும் இடையிலிருந்த மூவாயிரத்துச் சொச்சம் டாலர் எங்கே போனது என்பது வண்டியைப் பூட்டும்போது தெரியும். ஜப்பான் தொழிற்சாலையில் பரிசோதகர் செய்யும் வேலை வாங்கியவர் தலையில் விழுகிறது. எல்லா போல்ட்டையும் ஒருமுறை கழற்றி, நூல் பிடிக்கும் பசை தடவித் திரும்ப முறுக்க வேண்டும். தவறினால் அதிர்விலேயே ஒவ்வொன்றாகக் கழன்று விழும். ஸ்போக்ஸ் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துத் தளர்ந்ததை இறுக்க வேண்டும், ரிம்மில் கோட்டம் இருந்தால் எடுக்க வேண்டும். ஹேண்டில் பேரிங்கிலும் சக்கர பேரிங்கிலும் கிரீஸ் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடுவது நல்லது. தொழிற்சாலை ஆயிலை நம்பாமல் முதல் நூறு மைலுக்குள் வடித்துவிடுகிறார்கள். இந்த எஞ்சினில் காகித ஃபில்டர் கிடையாது, வெறும் வலைதான். அதனால் ஆயிலை அடிக்கடி மாற்றுவது ஒன்றே எஞ்சினுக்குப் பாதுகாப்பு. டேப்பட் இடைவெளியை எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். பழைய சி.ஜி.125க்கு ஹோண்டா சொன்ன அளவு 0.08 மில்லிமீட்டர். ஒரு பீலர் கேஜும் பொறுமையும் இருந்தால் அரைமணி வேலை. புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பெட்ரோல் குறைவாக விடும்படி கார்புரேட்டரை அமைத்திருப்பதால் குளிரில் எழுப்புவது கஷ்டம். பலரும் மிக்குனி கார்புரேட்டர் வாங்கி மாற்றிக்கொண்டார்கள். செயின் சீக்கிரம் நீளும், அதையும் மாற்றிவிட வேண்டியதுதான்.

இதில் எதுவும் பெரிய வித்தையல்ல. ஆனால் மலிவாக இருக்கிறதே என்று வாங்கி, கை வைக்காமல் ஓட்டியவர்கள்தான் சிக்கிக்கொண்டார்கள். முன்சக்கரத்து நட்டு தளர்ந்த வண்டியில் அறுபது மைல் வேகத்தில் போவதற்குத் தள்ளுபடி விலை ஆறுதல் தராது.

கலிஃபோர்னியாவின் அசூசாவில் சி.எஸ்.சி. என்ற சிறு கம்பெனி வேறு வழியில் போனது. டி.டி.250 என்று சோங்ஷென் வண்டி ஒன்றை விற்றார்கள். அதிலும் இருந்தது 229 சி.சி. புஷ்ராட் எஞ்சின்தான், விலை 2,000 டாலரை ஒட்டி. உதிரிபாகங்களை வாங்கி அடுக்கிவைத்து, படத்தோடு பழுதுபார்க்கும் விளக்கங்களும் கொடுத்தார்கள். டீலரே இல்லாத வண்டிக்கு அதுதான் டீலர். சில நூறு டாலர் கூடக் கொடுத்தவர்களுக்கு வாங்கிய பிறகு கூப்பிட ஒரு போன் நம்பர் இருந்தது.

யின் மிங்ஷானின் லிஃபான் பிற்பாடு காரில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டது, கடன் தாங்காமல் 2020ல் நீதிமன்ற மறுசீரமைப்புக்குப் போனது. வண்டியின் டேங்க்கில் இருக்கும் பெயர்கள் இப்படி வரும், போகும். பழைய சீன வண்டி வைத்திருப்பவர்கள் அதனால் கடையில் கம்பெனிப் பெயரைச் சொல்வதில்லை. எஞ்சின் அடியில் துணியால் துடைத்து, அங்கே அச்சடித்திருக்கும் குறியீட்டைப் படித்துச் சொல்கிறார்கள். பிஸ்டனும் கேஸ்கெட்டும் கிளட்ச் தட்டும் அந்தப் பெயரில்தான் கிடைக்கின்றன.