முகத்துக்கு ஒரு சட்டம்

எங்கள் வீட்டுக் கூடத்தில், நிலைவாசலுக்கு மேலே, வரிசையாக ஒன்பது படங்கள் மாட்டியிருந்தன. ஐந்து சுவாமி படங்கள், ஒன்று காந்தி, பாக்கி மூன்று மனிதர்கள். அந்த மூவரில் என் தாத்தா ஒருவர். அவர் காலமான வருஷம்தான் என் தகப்பனார் பிறந்தார். ஆகவே என் தகப்பனாருக்குத் தம்முடைய அப்பா என்றால் அந்தப் படம்தான். வேறு பிரதி கிடையாது. நெகடிவும் ஸ்டுடியோவோடு போயிற்று.

ஒரு மழைக்காலம் கழித்துப் பார்த்தால், தாத்தாவின் நெற்றியில் எண்ணெய் தடவினாற்போல் ஒரு மினுமினுப்பு. கண்ணாடியில்தான் ஏதோ அழுக்கு என்று நினைத்து, சட்டத்தைக் கழற்றித் துடைக்கப் போனோம். கண்ணாடியோடு நெற்றியும் கையோடு வந்துவிட்டது.

கண்ணாடி போட்டுக் கொடுத்த கடைக்காரர் மேல் அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிற்பாடு இந்தச் சட்டம் போடுகிற சமாசாரத்தின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தேன். அவர் ஒருவர் செய்த பிழையல்ல அது; நூறு வருஷத்துச் சிக்கனம் செய்த பிழை.

1839-ஆம் வருஷம் பாரிஸில் தாகேர் என்பவரின் முறை வெளியாயிற்று. வெள்ளி பூசிய செப்புத் தகட்டின் மேல் பிம்பம் விழும். விரல் பட்டால் அழிந்துவிடும். காற்றுப் பட்டால் கறுத்துவிடும். ஆகையால் தகட்டின் மேல் கண்ணாடி வைத்தார்கள். அந்தக் கண்ணாடியும் தகட்டில் படக்கூடாது என்று, நடுவே ஜன்னல் வெட்டிய மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றைச் செருகினார்கள். பிறகு ஓரம் நான்கையும் காகிதப் பட்டையால் ஒட்டி மூடினார்கள். போட்டோவுக்குச் சட்டம் வந்தது அலங்காரத்துக்காக அல்ல, உயிர் பிழைப்பதற்காக. ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் இதைத் தோலும் வெல்வெட்டும் வைத்த சின்னப் பெட்டியில் அடக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குச் சுவரில் மாட்டினால்தான் திருப்தி. கண்ணாடி, ஜன்னல் அட்டை, படம் மூன்றையும் பட்டை ஒட்டிச் சேர்த்து மாட்டினார்கள். 'பாஸ் பார்த்தூ' என்று அதற்குப் பெயர். எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவிக்கும் அவர்கள் பாஷையில் இதே பெயர்தான்.

இதெல்லாம் பணக்காரச் செலவு. இங்கிலாந்தில் கண்ணாடிக்கே வரி இருந்தது. 1845-ல்தான் அதை எடுத்தார்கள். 1854-ல் அமெரிக்காவில் சாமுவேல் பெக் என்பவர் பெட்டியின் விலையைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். அரக்கையும் மரத்தூளையும் சேர்த்துச் சூடாக்கி அச்சில் அழுத்தினால், செதுக்கு வேலை செய்தாற்போல் பெட்டி வந்துவிடும். அந்த அரக்கு பெரும்பாலும் நம் தேசத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. துரியோதனன் பாண்டவர்களைக் கொளுத்துவதற்காக வாங்கிய சரக்கு, கடல் கடந்து போய்ப் பிறத்தியார் முகங்களைக் காப்பாற்றிற்று!

அதே 1854-ல் பாரிஸில் திஸ்தேரி என்பவர் ஒரே பிளேட்டில் பல படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். விஸிட்டிங் கார்டு அளவில் அட்டையில் ஒட்டிய காகிதப் படங்கள். சட்டமும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம்; ஆல்பத்தில் செருகினால் போதும். 1860-ல் விக்டோரியா ராணி குடும்பத்தின் படங்கள் இந்த அளவில் விற்பனைக்கு வந்தன. லண்டன்காரர்கள் ராணியை வாங்கித் தங்கள் அத்தைக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்கள். அமெரிக்காவில் இன்னும் மலிவாக, இரும்புத் தகட்டிலேயே படம் எடுத்துக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். உள்நாட்டு யுத்தத்தில் சிப்பாய்கள் அதைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பலருக்கு அதுவே கடைசிப் படம்.

1900-ல் ஒரு டாலருக்குப் பிரௌனி காமிரா வந்த பிற்பாடு, வீட்டுக்கு வீடு படங்கள் குவிந்துவிட்டன. அத்தனைக்கும் தச்சனைக் கூப்பிட முடியுமா? பழைய பிரெஞ்சு முறை ஏழைச் சட்டமாகத் திரும்பி வந்தது. கண்ணாடி, ஜன்னல் அட்டை, படம், பின் அட்டை எல்லாம் ஒரே அளவு. கோந்து தடவிய காகிதப் பட்டையை நனைத்து, பாதி கண்ணாடி மேலும் பாதி முதுகிலும் விழும்படி மடித்து ஒட்டவேண்டும். பின் அட்டையில் இரண்டு வளையம். மரமும் இல்லை, ஆணியும் இல்லை. செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூலை மடிப்பு ஒன்றுதான் கஷ்டம்.

நம் பக்கம் கதை வேறு மாதிரி. 1858-லேயே டிரைப் துரை மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படம் பிடித்தார். ஆனால் அவை சர்க்கார் ஆல்பத்துக்குப் போய்விட்டன. நம் வீட்டுச் சுவர்களைப் பிடித்தவர் ரவிவர்மா. 1894-ல் பம்பாய்ப் பக்கம் அவர் அச்சகம் தொடங்கியதும், லட்சுமியும் சரஸ்வதியும் அச்சில் வந்தார்கள். அவர்களுக்குக் கண்ணாடி போடும் தொழில் வளர்ந்தது. சுவாமி படத்தில் பழகிய கைதான் மனிதர் படத்துக்கும் சட்டம் போட்டது என்பது என் அபிப்பிராயம். கண்ணாடியின் மேலேயே படத்தைக் கவிழ்த்துவைத்து, முதுகில் கள்ளிப்பெட்டிப் பலகையை அடித்து, காகிதம் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் இருக்கவேண்டிய ஜன்னல் அட்டை காணாமற் போயிற்று. மிஞ்சினால் சில பைசா லாபம்!

அச்சுப் படம் அதைத் தாங்கும். போட்டோ தாங்காது. அதன் மேற்பூச்சு ஜெலட்டின். தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரத்துக்கு அது பங்காளி. ஈரம் கண்டால் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் விடாது. முதுகில் கள்ளிப்பெட்டிப் பலகையோ மட்டமான மரக்கூழ் அட்டையோ இருந்தால் அதன் புளிப்பு ஏறிப் படம் பழுப்பாகும். படத்தை முன்னுக்குச் சாய்த்து மாட்டினார்களே, அது ஒன்று நல்ல வழக்கம். கண்ணாடியில் தூசி அதிகம் தங்காது, சுண்ணாம்புச் சுவரின் ஈரமும் முழுக்கப் படாது. ஆனால் நாலு மூலைக்கும் ஒரு விரற்கடை அட்டை இருந்திருந்தால் தாத்தா தப்பியிருப்பார்.

ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவே கூடாது. கண்ணாடியோடு வைத்துப் பிரதி எடுக்கவேண்டும் என்பது எங்களுக்குத் தாமதமாகத் தெரிந்தது. கண்ணாடியில் இருந்த நெற்றியையும் காகிதத்தில் இருந்த முகத்தையும் தனித்தனியே பிரதி எடுத்துச் சேர்த்தார்கள். புதுப் படத்துக்கு நானே அட்டை வெட்டி, பட்டை ஒட்டி, பழைய ஆணியிலேயே மாட்டினேன். சேர்த்த இடத்தில் மெல்லியதாக ஒரு கோடு.

என் பெண் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கொள்ளுத் தாத்தா நெற்றியில் என்ன தழும்பு, தாத்தா?" என்று கேட்டாள்.

"மாடு முட்டிவிட்டது" என்றார் என் தகப்பனார்.