எருது சுமந்த ஏரி

ரஷ்யாவில் வோல்கா ஆற்றுக்குக் கிழக்கே, கஜகஸ்தான் எல்லையை ஒட்டிய புல்வெளியில் இருக்கிறது எல்டன் ஏரி. பரப்பு சுமார் 150 சதுர கி.மீ. ஆழமோ, கோடையில் பல இடங்களில் கணுக்கால் நனைந்தால் அதிகம். கடல் மட்டத்துக்கும் 15 மீட்டருக்கு மேல் தாழ்ந்த பள்ளம் என்பதால் வந்து சேரும் சிற்றாறுகளின் நீர் வெளியேற வழியில்லை; வெயில்தான் அதைக் குடிக்கிறது. அடியில் 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வற்றிப்போன கடல் விட்டுச்சென்ற உப்புப் பாறை. அதன் கரைசலை ஊற்றுகளும் ஓடைகளும் ஏரிக்குக் கொண்டுவர, ஒவ்வொரு கோடையும் தரையில் புதுப் படிவு பூக்கிறது. நுண்பாசியால் நீர் செம்மை ஏறி மாலையில் தகதகப்பதைக் கண்டுதான் புல்வெளி மக்கள் ‘பொன் ஏரி’ என்று பொருள்படும் ‘அல்தன் நோர்’ என்ற பெயரைக் கொடுத்தார்கள் என்பர்.

பொன் என்ற பெயர் அரசாங்கத்துக்கும் பொருந்தியது. 1747இல் பேரரசி எலிசவேத்தாவின் ஆட்சியில் இங்கே அரசே உப்பெடுக்கத் தொடங்கியது. கூலியாட்கள் கோடையில் தட்டைப் படகில் ஏரிக்குள் போய், உப்புநீரில் இறங்கி நின்று, கடப்பாறையால் படிவை உடைத்து, சேறு போக அந்த ஏரி நீரிலேயே அலசிப் படகில் கொட்டினார்கள். நம் உப்பளத்தைப் போலப் பாத்தி கட்டுவதில்லை. அந்த வேலையை இயற்கையே முடித்து வைத்திருந்தது. காலில் ஒரு கீறல் இருந்தாலும் அந்த நீரில் நிற்பது எப்படியிருக்கும் என்பதை உப்பளத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எல்டனின் தலைவிதியை எழுதியது இந்த உப்பு அல்ல, அது போன வழி என்பதே என் எண்ணம். ஏரியிலிருந்து வோல்காவில் கமீஷின் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள நிக்கொலாயெவ்ஸ்கயாவுக்கு ஏறத்தாழ 130 கி.மீ.; சரத்தோவுக்கு எதிர்க்கரையிலுள்ள பக்ரோவ்ஸ்கயாவுக்கு 260 கி.மீ.க்கு மேல். நிழலுக்கு ஒரு மரமில்லாத இந்தத் தூரத்தை உக்ரைனியக் குடியேறிகளின் எருதுவண்டிகள் கடந்தன. தெற்கே இருக்கும் பாஸ்குன்சாக் ஏரியிலிருந்து வோல்காவின் கிளையான அக்தூபாவுக்கு 50 கி.மீ.தான். பக்கத்திலிருந்ததை விட்டு எட்ட இருந்ததற்கு ஏன் போனார்கள்? அப்போது வோல்காவில் படகை நீரோட்டத்துக்கு எதிராக ஆட்கள்தான் கயிறு கட்டி இழுத்தார்கள். தெற்கே ஏற்றிய உப்பு சரத்தோவைத் தொடவே பல நூறு கி.மீ. இழுபட வேண்டும். எருது நடந்த ஒவ்வொரு காதமும் மனிதத் தோளுக்கு மிச்சம்.

எல்டன் பின்னாளில் வாடியதற்குத் தரம்தான் காரணம் என்று சிலர் மறுக்கக்கூடும். எல்டன் நீரில் மக்னீசிய உப்புகள் மிகுதி, அதனால் கசப்பு. பாஸ்குன்சாக் உப்போ மிகத் தூயது. உண்மைதான். ஆனால் அந்தக் கசப்பு 1747இலும் இருந்தது. கசப்போடுதான் நூறாண்டுக்கு மேல் அதை விற்றார்கள். 1881 தொடக்கத்தில் உப்பு வரி ஒழிந்ததைக் காரணம் காட்டுவோரும் உண்டு. வரி இரண்டு ஏரிக்கும் சேர்ந்தேதான் ஒழிந்தது; அப்படியிருக்க ஒன்று மட்டும் ஏன் வாடியது? 1882இல் பாஸ்குன்சாக்கிலிருந்து அக்தூபாக் கரைக்கு ரயில் ஓடியது. வோல்காவிலும் அதற்குள் நீராவிப் படகுகள் வந்துவிட்டன. நீரோட்டத்துக்கு எதிரே போவது பெருஞ்செலவாக இல்லாதபோது எருதுக்கு என்ன வேலை? எல்டனில் அரசு உப்பெடுப்பு அந்த ஆண்டோடு முடிந்தது.

தரம் பற்றிய வாதத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எல்டன் வழியாகவும் தண்டவாளம் போட்டார்கள். பழைய உப்பு வாணிகம் திரும்பவில்லை. வழி சமமானதும் தூய்மை வென்றுவிட்டது. அதற்குமுன் அது வெல்லவில்லை என்பதுதான் நான் சொல்வது. தண்டவாளம் கொண்டுவந்தது நோயாளிகளை; 1910இல் சேற்றுக்குளியல் மருத்துவமனை அங்கே எழுந்தது.

பக்ரோவ்ஸ்கயா இன்று எங்கெல்ஸ் என்ற நகரம். உப்பு விளையாத ஆற்றங்கரை ஊர். அதன் நகரச் சின்னத்தில் ஏரி இல்லை, கடப்பாறையும் இல்லை. முதுகில் உப்புக் கிண்ணம் சுமந்த ஓர் எருது நிற்கிறது.